ஆறுக்கு நாற்பத்தைந்து

பல்லடம் தாண்டி அறுபதைத் தொட்டால்
இடது கை தூங்கிவிடும்.
சுண்டுவிரலில் எறும்பு ஏறி
மணிக்கட்டுவரை ஊர்ந்து
பிறகு எறும்பும் இருக்காது.
நரம்பு என்றார் டாக்டர்.
நாள் முழுக்கத் துணியை வெளிச்சத்தில் பிடித்து
ஓட்டை தேடும் வேலையை மாற்றச் சொன்னார்.
எதில் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
கியர் வண்டி, செகண்ட் ஹேண்ட்,
காங்கேயத்து நல்லதம்பியிடம்
முப்பத்தோராயிரத்துக்கு வாங்கியது.

சித்திரை கடைசியில்
கரடிவாவி வேகத்தடையில்
வலது கைப்பிடி நுனியின் குண்டு கழன்று
தார் மேல் இரண்டு தரம் துள்ளி
சோளத்தட்டுப் போருக்கு அக்கட்டால போய்விட்டது.
தேடினேன். கிடைத்தது ஒரு மாட்டு லாடம்.
மறுநாளிலிருந்து வலது கையும் மரத்தது,
இடதைப் போலவே, அதே விரலில் தொடங்கி.
அப்போதுதான் உறைத்தது.
குண்டு போன கையும் குண்டு இருக்கும் கையும்
எப்படி ஒன்றுபோல் மரக்கும்?

ஸ்பேர்ஸ் கடையில்,
"ஸ்க்ரூ தனியா வராதுங்க, செட்டாத்தான்."
நட்டு போல்ட்டை எடைக்கு விற்கும் கடையில்,
"ஆறுக்கு நாப்பத்தஞ்சுங்களா?
ரெண்டு பீஸுக்கு யாருங்க பில்லு போடறது,
பத்து ரூவா குடுத்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை இடதைக் கழற்ற உட்கார்ந்தேன்.
துருவும் ஸ்க்ரூவும் ஒரே சாமான் ஆகியிருந்தன.
மண்ணெண்ணெய் விட்டேன்.
சோறு வடித்துவிட்டு வந்தேன்.
ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்தித் திருகினேன்.
தலையிலிருந்த நட்சத்திரம் தேய்ந்து தேய்ந்து
வழுவழுப்பான குழியாகிவிட்டது.
தூக்கி எறிந்த திருப்புளியை
நானே போய் எடுத்து வந்தேன்.

சோமனூரில் லேத் வைத்திருக்கும் பூங்கோதை
நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி,
"எட்டி நில்லுங்க்கா" என்று
ஸ்க்ரூவின் தலையைத் துளைத்து எடுத்தாள்.
சுருள் சுருளாய் இரும்புச் சீவல், தொட்டால் சுடும்.
குண்டு கையோடு வந்தது.
உள்ளே
இரும்புத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில்
பனியன் வேஸ்ட்.
நடுவில் ஒரு நட்டு, அதைச் சுற்றி இறுக்கி அடைத்தது.
குறட்டால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது,
அரக்குக் கலர், காலர் ரிப்,
நீளவாக்கில் ஊசிக்கோடு விழுந்த துணி.
அப்படிப்பட்ட கோட்டைத்தான் தினமும்
சாக்பீஸால் சுழித்து ஒதுக்குகிறேன்.
இது நானே ஒதுக்கியதாகவும் இருக்கலாம்.
திருப்பூரில் எத்தனையோ பேர் சுழிக்கிறார்கள்.

வலதுபக்கத் தண்டை உருவி அளவு பார்த்து
அதேபோல் ஒன்று கடைந்து, மரை போட்டு,
வெளிக்குண்டு ஒன்றும் செய்து கொடுத்தாள்.
தண்டு மட்டும் நூற்றெழுபது கிராம், அவள் தராசில்.
"இத்துனூண்டுக்கா இத்தன பாடு?" என்றாள்.
நாநூறு ரூபாய் வாங்கிக்கொண்டாள்.
புது ஸ்க்ரூ எங்கும் சிக்காமல் ஏறி
கடைசிக் கால் சுற்றில் கெட்டியானது.

திரும்பும்போது எழுபது.
பின்னால் வந்த லாரி
இடது கண்ணாடிக்குள் கலங்காமல் இருந்தது.
நம்பர் தெரிந்தது.
டிரைவர் கொட்டாவி விடுவதும்.
எறும்புக்காகக் காத்திருந்தேன்,
காரணம்பேட்டை வரைக்கும் வரவில்லை.

வண்டி வாங்கிய அன்று நல்லதம்பி
நோட்டுக் கட்டை மேஜையில் பரப்பி
வலது கையால் மட்டும் எண்ணினார்.
இடது கை வேட்டி மடிப்புக்குள்
விரலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தது.
பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஓரங்கட்டிப் போன் போட்டேன்.
"வண்டில ஏதாச்சுங் கோளாறுங்களா அம்மிணி?
நாங் குடுக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு."
"வண்டி நல்லாருக்குதுங்க.
உங்க கை இப்ப எப்பிடீங்க இருக்குது?"

சித்த நேரம் தறிச்சத்தம் மட்டும்.

"எந்தக் கைங்க?" என்றார்.